ஆர்32 ஜிடி-ஆர் காரில் பெரிய இன்ஜெக்டர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என்னிடம் 1991-ஆம் ஆண்டு நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32 மாடல்) கார் உள்ளது. 500 குதிரைத்திறன் எடுக்க எந்த அளவு இன்ஜெக்டர் (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் கருவி) வேண்டும்?

பதில்: கம்பெனி பொருத்திய இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் நிமிடத்துக்குச் சுமார் 440 சிசி பெட்ரோல் விடும். டர்போ எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.6 பவுண்டு பெட்ரோல் கேட்கும் என்று கொண்டால், 500-க்கு 300 பவுண்டு ஆகிறது. ஆறு சிலிண்டருக்குப் பிரித்தால் தலைக்கு 50. நிமிடத்துக்கு 7500 சுற்றில் ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்குக் கிடைப்பதே 16 மில்லி வினாடிதான். அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் இன்ஜெக்டரைத் திறந்து வைக்கக் கூடாது என்பதால், மணிக்கு 62 பவுண்டு, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 650 சிசி விடும் இன்ஜெக்டர் தேவைப்படும். நான் 700 சிசி வாங்கச் சொல்வேன்.

கேள்வி: பழைய இன்ஜெக்டரையே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டலாமா?

பதில்: பெரிதாகப் பயனில்லை. பெட்ரோலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்கிறது. அழுத்தத்தை 3 பார் அளவிலிருந்து 4 பாராக்கினாலும் 440 என்பது 508 ஆகும், அவ்வளவுதான். அதற்குள் முப்பது ஆண்டு உழைத்த பம்ப் திணறத் தொடங்கிவிடும். ஆகவே இன்ஜெக்டருடன் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: புதிய இன்ஜெக்டரின் மின்தடை 12 ஓம் என்கிறார்கள். இதில் கவனிக்க ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. உங்கள் காரில் இருப்பவை மின்தடை குறைந்த வகை. அவற்றின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தவே தனியாக ஒரு ரெசிஸ்டர் பேக் வைத்திருக்கிறார்கள். 12 ஓம் வகையைப் பொருத்தினால் அந்தப் பேக்கை நீக்கி வயரை நேராக இணைக்க வேண்டும். மாறாக, 2 ஓம் இன்ஜெக்டரைப் பேக் இல்லாமல் இணைத்தால் ஏறத்தாழ 6 ஆம்பியர் பாய்ந்து, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு கருகிவிடும்.

கேள்வி: ஈசியுவைப் புதிய இன்ஜெக்டருக்கு ஏற்ப டியூன் செய்யாமல் சில நாள் ஓட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இன்னும் 440 சிசி என்றே எண்ணி ஈசியு திறப்பு நேரத்தைக் கணக்கிடும். கூடுதல் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். மின்சாரம் பாய்ந்த பிறகு இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதத்தை, பேட்டரி வோல்டேஜ் வாரியாகக் காட்டும் அட்டவணையோடு விற்பவரிடமே வாங்குங்கள். அது இல்லாமல் ஐடிலை (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை) சரிசெய்ய முயன்று நான் இரண்டு நாளை இழந்திருக்கிறேன்.

கேள்வி: நானே பொருத்தலாமா?

பதில்: பொறுமை இருந்தால் பொருத்தலாம். பம்ப் ஃபியூசை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளில் சுத்தமான எஞ்சின் ஆயில் தடவி, இன்ஜெக்டரை மெல்லத் திருகியபடியே உள்ளே அழுத்துங்கள். காய்ந்த நிலையில் நான் தள்ளிய ஒரு ஓ-ரிங்கின் விளிம்பில் நகக்கண் அளவு ரப்பர் சீவப்பட்டு, அதன் வழியே பெட்ரோல் மணி மணியாகக் கசிந்தது. எனவே ஸ்டார்ட் செய்யும் முன், சாவியைத் திருப்பிப் பம்பை மட்டும் ஓடவைத்து, ஆறு இடத்தையும் டார்ச் அடித்து, விரலாலும் தடவிப் பாருங்கள்.