நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளி: சேர்க்கும் முன் பார்க்க வேண்டியவை

வணக்கம் சகோதரி. பத்தாவது முடித்த மகளை நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா, ஊரே நல்ல பேர் சொல்கிறது, ஆனால் மனசு ஒப்பவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பேர் பெரும்பாலும் பிளஸ் டூ மதிப்பெண்ணால் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டையே உருப்போட வைத்த பள்ளிகள் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் அங்கே படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளை யாருடைய இயற்பியல் நோட்டையாவது வாங்கிப் புரட்டி, பதினொன்றாம் வகுப்புப் பாடம் நடக்கிறதா என்று பாருங்கள். நீட்டில் அந்தப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும்.

விடுதிக்கு ஆட்சியரின் உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2014ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம்.

அப்புறம், தாளாளரின் ஏசி அறையோடு திரும்பிவிடாதீர்கள். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை போய், மரத்தடியில் டிபன் கேரியரைத் திறந்து பிள்ளைக்குப் பரிமாறும் அம்மாக்களிடம் பேசுங்கள். காய்ச்சல் என்றால் உடனே போன் வருகிறதா, இல்லை பிள்ளை சொல்லித்தான் தெரிகிறதா? எனக்கு மதிப்பெண் பட்டியலைவிட அந்தப் பதில்தான் பெரிது. மகளையும் கூட்டிப் போங்கள். அவள் வேண்டாம் என்றால் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.