கொழும்பில் தொடர்மாடி வீடு, கண்டதையெல்லாம் கடிக்கும் நாய்க்குட்டி. என்ன பூக்கன்றுகள் வைக்கலாம்?

தெஹிவளையில் எங்கள் வீட்டு நிலையும் இதுதான், நாயும் பால்கனிச் சாடிகளும் பக்கத்துப் பக்கத்தில். முதலில் ஒன்று: நச்சுச் செடிப் பட்டியல் ஒன்றைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றையும் தூக்கி எறியாதீர்கள். வாயை எரிக்கும் செடியும் உயிரை எடுக்கும் செடியும் அதில் ஒரே வரிசையில் இருக்கும்.

உயிரை எடுப்பவை சிலதான். அலரி, பூ மஞ்சளோ சிவப்போ, பூசைக்கென்றாலும் வேண்டவே வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் இதயத் துடிப்பைக் குழப்பும். அடி பருத்து அழகாக நிற்கிறதே என்று பலர் வாங்கும் அடினியமும் அதே வகை. அப்புறம் சைகஸ். பாம் என்று சொல்லி விற்பார்கள், ஆனால் அது பனைக் குடும்பமே இல்லை. ஈரலைக் கெடுக்கும், ஒன்றிரண்டு விதை போதும், நாய் செத்துப்போகலாம். அந்தத் தோற்றம்தான் வேண்டுமென்றால் அரிக்கா பாம் வையுங்கள், அதில் பயமில்லை. நாய்க்குத் தோண்டும் பழக்கம் இருந்தால் கார்த்திகைப்பூவும் கூடாது, அதன் கிழங்கு கடும் நஞ்சு.

மணி பிளான்ட், அந்தூரியம், டிஃபன்பேக்கியா வேறு ரகம். இவற்றில் ஊசி போன்ற ஒக்சலேட் பளிங்குகள் உண்டு. அக்கா வீட்டு நாய் அந்தூரிய இலையைக் கடித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். எச்சில் நூல்நூலாக வடிய, முன்னங்காலால் மூஞ்சியைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. வாயைக் கழுவிவிட்டுக் கொஞ்சம் தயிர் வைத்தோம், பின்னேரம் சரியாகிவிட்டது. இந்த ரகத்தை உயரத்தில் தொங்கவிடலாம். மணி பிளான்ட் கொடி கீழே இறங்க இறங்க வெட்டிவிட வேண்டும்.

தாராளமாக வைக்கக்கூடியவை: மல்லிகை, ரோஜா (முள்ளைப் பார்த்துக்கொள்ளுங்கள்), காசித்தும்பை, ஜெர்பரா, ஸின்னியா. வீட்டுக்குள் வெயில் குறைவென்றால் ஸ்பைடர் பிளான்ட், பொஸ்டன் ஃபேர்ன், கலத்தியா. லில்லியைப் பற்றியும் கேட்பார்கள். அது பூனையின் சிறுநீரகத்தையே அழித்துவிடும். நாய்க்குப் பெரும்பாலும் வயிற்றுக் குழப்பத்தோடு போய்விடும். பூனையும் இருந்தால் வாங்கவே வேண்டாம்.

செடியைவிட எனக்குக் கவலை தருவது சாடிக்குள் நாம் போடுவதுதான். வெறும் தும்புத்தூளை முகர்ந்துவிட்டுப் போகும் நாய், அதில் எலும்புத் தூளோ புண்ணாக்கோ கலந்த நாளில் மூக்கைப் புதைத்துத் தோண்டும். ஆமணக்குப் புண்ணாக்கு என்றால் அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு எஞ்சியிருக்கலாம். பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் நத்தைக்குப் போடும் மெட்டல்டிஹைட் குருணை இன்னும் மோசம். நாய் அதைத் தீனி என்று நினைத்துத் தின்னும். சில மணி நேரத்துக்குள் நடுக்கமும் வலிப்பும் வரும். இருட்டியபின் டோர்ச் அடித்து நத்தையைக் கையால் பொறுக்குவதே நல்லது, கையுறையோடு.

தப்பித் தவறி எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே ஆபத்து. கடித்த இலையையோ மருந்துப் பையையோ கையோடு எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். அலரி, சைகஸ், நத்தைக் குருணை என்றால் நாய் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. சைகஸ் ஈரலைக் கெடுத்தது தெரியவரவே ஓரிரு நாள் ஆகலாம்.