ஒதுங்கியிரு என்று சொல்லாதீர்கள்

வணக்கம். கணவனிடம் அடிபட்டு வரும் பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் அமைப்பில் என் தோழி வேலை பார்க்கிறாள். போனில் கொலை மிரட்டல் வருகிறது. கொஞ்ச நாள் ஒதுங்கியிரு என்றால் கேட்க மறுக்கிறாள். எப்படிப் புரியவைப்பது? இவளைப் போன்ற மனித உரிமைச் செயல்பாட்டாளர்களைப் பாதுகாக்க ஐ.நா. பிரகடனம் இருக்கிறதாமே, அது உதவுமா?
– பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயம் பாசத்தில் வருவது, புரிகிறது. ஆனால் மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அவள் ஒதுங்குவதுதானே? அவன் வேலையை நீங்கள் ஏன் செய்கிறீர்கள்?

ஐ.நா.வில் 1998 பிரகடனம் உண்டு, பெண் செயல்பாட்டாளர்களுக்கென்றே 2013 தீர்மானமும் உண்டு. மனுவில் மேற்கோள் காட்டலாம். சரி, அதை விடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பன்வாரி தேவிதான் மனதில் வந்தார். ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பெண்களுக்கான அரசுத் திட்டத்தில் ‘சாத்தின்’ (தோழி) எனப்படும் கிராம ஊழியராக இருந்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அரசு அவருக்குக் கொடுத்த வேலை. ஒரு கைக்குழந்தையின் கல்யாணத்தைத் தடுக்கப் போனார். ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. 1992 செப்டம்பரில் அவருக்குக் கூட்டுப் பாலியல் வன்கொடுமை. 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கொடுமையை முன்வைத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க நெறிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997-இல் வந்தது, 2013-இல் அதற்கெனச் சட்டமும் வந்தது.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். வேலைக்கு அனுப்பியவர்கள் அவரைத் தனியாக விட்டுவிட்டார்கள். துணிச்சலான பெண் என்று பாராட்டிவிட்டு ஆபத்தை முழுக்க அவள் தலையில் கட்டுவது இன்றும் நடக்கிறது. ஆகவே தோழியிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, அவள் அமைப்பின் பொறுப்பாளரிடம் பேசுங்கள். போலீஸில் புகார் கொடுத்தது அமைப்பா, அவள் மட்டுமா? வக்கீல் செலவு யாருடையது? பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போகும்போது கூட யார் போகிறார்கள்? ராத்திரி பயந்தால் அவள் யாரைக் கூப்பிடுவாள், அவர் போனை எடுப்பாரா? அவளுடைய வீட்டு முகவரி எந்தெந்தக் காகிதத்தில் இருக்கிறது? பதிலை எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் மறுபடி கேளுங்கள்.

வேலையைத் தொடர்வதா வேண்டாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும். வந்த மிரட்டல்களை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தேதி, நேரம், எண் எல்லாம் குறித்து, ஒரு நகலை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அடுத்த வாய்தாவுக்கு அவள் கோர்ட்டுக்குப் போகிற அன்றைக்கு நீங்களும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போங்கள்.