கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றாமல் காரின் ஒலியை மேம்படுத்துவது எப்படி?

கேள்வி: 2023-இல் வாங்கிய பலேனோ ஆல்ஃபா கார் வைத்திருக்கிறேன். 9 அங்குலத் திரை, 360 டிகிரி கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள் எல்லாம் காரோடு வந்த செட்டுடன் இணைந்திருக்கின்றன. பாட்டு கேட்கும்போது பாடுபவரின் குரல் மங்கலாக இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கதவு அதிர்கிறது. கடையில் கேட்டால் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். வாரண்டிக்கும் கேமராவுக்கும் பாதிப்பு வராமல், 40,000 ரூபாய்க்குள் இதைச் சரிசெய்ய வழி உண்டா? (கோவை வாசகர்)

பதில்: உண்டு. கடைக்காரர் சொன்னபடி செட்டை மாற்றினால் உங்கள் இரண்டு குறைகளில் ஒன்றுகூடத் தீராது. குரல் மங்குவது பெரும்பாலும் ஸ்பீக்கரில் பிறக்கும் குறை; அதிர்வு கதவின் தகட்டில் பிறப்பது. திரைக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு இரண்டிலும் பங்கு மிகக் குறைவு.

புதிய செட் வாங்கினால் வாட் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கடையில் விற்கும் செட்டுகளின் அட்டைப்பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பது உச்சக் கணக்கு. என்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைச் சற்றே தாண்டும். அந்த அழுத்தத்தை அப்படியே எடுத்து வேலை செய்யும், ஒலிக்குச் சக்தி கூட்டும் ஆம்ப்ளிஃபயர் (சுருக்கமாக ஆம்ப்) சில்லு, 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவின்றித் தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு (அதாவது ஒரு ஸ்பீக்கர் இணைப்புக்கு) 18 முதல் 20 வாட் வரைதான். கம்பெனி செட் ஆனாலும் வெளியில் வாங்கும் செட் ஆனாலும் பெரும்பாலும் இதே கதைதான். அதற்கு மேல் சக்தி வேண்டுமென்றால் தனி ஆம்ப் வைக்க வேண்டும்; அதைக் கம்பெனி செட்டுடனும் தாராளமாக இணைக்கலாம்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பாட்டுச் செயலியின் அமைப்புகளில் ஒலித்தரத்தை உச்சத்துக்கு மாற்றிவிட்டு, புளூடூத்துக்குப் பதிலாக யு.எஸ்.பி. கேபிள் வழியாக ஃபோனை இணைத்துக் கேளுங்கள். புளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்புவதால் சலங்கை, ஜால்ரா போன்ற மெல்லிய உயர் ஒலிகள் முதலில் அடிபடும். பாஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்தில் வைத்து, செட்டில் உள்ள சூழல் ஒலி முறைகளை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் குரல் மங்கலாகவே இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

அடுத்த வேலை கதவு. புதிய ஸ்பீக்கர் வாங்கிய மகிழ்ச்சியில் எல்லோரும் தாண்டிச் செல்வது இதைத்தான். கொடுத்த காசுக்கு அதிகமான பலன் தருவதும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கதவின் உட்புறப் பேடைக் கழற்றியதும் வெளித்தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். தகர டப்பாவைத் தட்டியதுபோல ‘டங்’ என்று ஒலித்து அடங்க நேரமாகும். ஸ்பீக்கர் ஓடும்போதெல்லாம் அந்தத் தகடும் கூடவே பாடிக்கொண்டிருக்கிறது. உட்புறத் தகட்டில் கையே நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டுமே மூடியிருக்கும். ஸ்பீக்கரில் அதிரும் கூம்பான கோனின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. பின்பக்க அலை ஓட்டைகளின் வழியே முன்னால் வந்து முன்பக்க அலையோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாஸ் காணாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

இதற்கு, பின்னால் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் தாள்), ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனில், போதுமானது. விலை குறைவு என்று தார் ஷீட்டை ஒட்டச் சம்மதிக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரில் அது இளகி நாற்றமடிக்கும், சில சமயம் கழன்றும் விழும். தகட்டை ஆல்கஹால் கொண்டு துடைத்துவிட்டு ஷீட்டை ஒட்டி, அதன் மேலுள்ள புடைப்பு வரிகள் மறையும்வரை ரோலரால் அழுத்த வேண்டும். வெளித்தகடு முழுவதையும் போர்த்த வேண்டிய அவசியமில்லை; பாதிப் பரப்பை மூடினாலே அதிர்வு நன்றாக அடங்கும். மீண்டும் தட்டிப் பார்த்தால் கட்டையைத் தட்டியதுபோல ‘டொக்’ என்று கேட்க வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடிவதற்கான துளைகள் உண்டு. அவற்றை மூடிவிட்டால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் கதவினுள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கொண்டு மோதலை உணர்கிறது. உங்கள் கதவில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உட்புற ஓட்டைகளை அடைக்க வேண்டாம்.

கதவு தயாரானதும் முன்பக்க ஸ்பீக்கர்களை மாற்றலாம். பின்பக்கத்தில் இருப்பவை அப்படியே இருக்கட்டும். ஓட்டுபவருக்கும் அருகில் அமர்பவருக்கும் இசை முன்னாலிருந்து வர வேண்டும் என்பதால், இருக்கும் பணத்தை இரண்டாகப் பிரித்துச் செலவழிப்பதில் பயனில்லை. தாழ்ந்த ஒலி தரும் ஊஃபரும் உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டரும் தனித்தனியாக வரும் காம்போனன்ட் செட்டையே தேர்ந்தெடுங்கள். குரலின் தெளிவு ட்வீட்டரிலிருந்து வருகிறது. அது காது மட்டத்துக்கு அருகில் இருக்கும்போது பாடுபவர் கால்மாட்டிலிருந்து எழுந்து டேஷ்போர்டுக்கு மேல் வந்து நின்றதுபோல் இருக்கும். வாங்கும்போது அட்டையில் போட்டிருக்கும் உச்ச வாட்டைப் பார்க்காமல், ஒரே சக்தியில் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டி எண்ணைப் பாருங்கள். 3 டெசிபல் கூடினால் அது ஆம்ப்பின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். எனவே கம்பெனி செட்டின் 20 வாட்டிலேயே ஓட வேண்டிய ஸ்பீக்கருக்கு 90 டெசிபலுக்கு மேல் இருப்பது நல்லது. கண்ணாடியை முழுவதும் கீழிறக்கி, ஸ்பீக்கரின் காந்தம் அதில் இடிக்குமா என்று ஆழத்தை அளந்த பிறகே பணம் கொடுங்கள். அடாப்டர் வளையம் பிளாஸ்டிக்கில் இருந்தால் கவலையில்லை, எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையில் செய்தது என்றால் வார்னிஷ் பூசாமல் மாட்டக் கூடாது, மழைக்காலத்தில் உப்பிவிடும்.

மாட்டும் முன் ஒரு சின்னச் சோதனை. 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ஊஃபரின் பிளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கோன் வெளிப்பக்கமாக நகர வேண்டும். இரண்டு கதவுகளிலும் ஒரே திசையில் நகர்வதை உறுதிசெய்யுங்கள். ஒன்று மாறியிருந்தால் பாஸ் குறைந்து, குரல் நடுவில் நிற்காமல் காரெங்கும் சிதறும்; எத்தனை விலையுயர்ந்த ஆம்ப் வைத்தாலும் அது சரியாகாது.

இங்கே நிறுத்தி, ஒரு மாதம் காரை ஓட்டிப் பாருங்கள். பலர் இந்த இடத்திலேயே மனநிறைவு அடைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் இரண்டு குறைகளும் இதற்குள்ளாகவே பெரும்பாலும் நீங்கியிருக்கும். இன்னும் சத்தமும் ஆழமான பாஸும் வேண்டுமென்றால் மட்டுமே ஆம்ப்.

கம்பெனி செட்டில், ஆம்ப்புக்கு ஒலியைக் கொடுக்கும் ஆர்.சி.ஏ. பின் கிடையாது. ஆகவே ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே ஒலியை எடுத்து, ‘ஹை லெவல் இன்புட்’ உள்ள ஆம்ப்புக்கோ, லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டிக்கோ கொடுக்க வேண்டும். இதில் உயிரான விஷயம் ஒன்று உண்டு. செட்டின் ஸ்பீக்கர் ஒயர்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி அழுத்தத்தில் பாதியளவு, அதாவது 6 வோல்ட்டுக்கு மேல், நின்றுகொண்டிருக்கும். மைனஸ் என்று பெயர் இருந்தாலும் அது எர்த் இல்லை. என்னிடம் வந்த ஒரு காரில், வேறொரு கடையில் அந்த மைனஸ் ஒயரைக் கொண்டுபோய் பாடியில் எர்த் செய்திருந்தார்கள்; செட்டின் உள்ளே இருந்த அவுட்புட் சில்லு கருகி, இடப்பக்கம் முழுதும் ஊமையாகியிருந்தது. ரிப்பேருக்கு ஆன செலவு, அவர் வாங்கிய ஆம்ப்பின் விலையை எட்டியது. இதே 6 வோல்ட் ஒரு வகையில் உதவியும் செய்கிறது: நல்ல ஆம்ப்கள் அதை உணர்ந்து தாமாகவே ஆன், ஆஃப் ஆகும், ஆம்ப்பை ஆன் செய்யச் சொல்லும் ரிமோட் ஒயருக்காக ஃபியூஸ் பெட்டியைக் குடைய வேண்டியிருக்காது. ஒயர் எதையும் வெட்டாமல், செட்டின் பின்னாலிருக்கும் கப்ளருக்கும் காரின் ஒயர்க்கட்டான ஹார்னஸுக்கும் இடையே மாட்டும் டி-ஹார்னஸ் கேட்டு வாங்குங்கள். நாளை கழற்றினால் கார் பழையபடி ஆகிவிடும். வாரண்டியைப் பொறுத்தவரை உங்களுக்கு உள்ள சிறந்த பாதுகாப்பு இதுவே. வெட்டி ஒட்டிய ஒயரைப் பார்த்தால் எந்த மின் கோளாறுக்கும் அதையே காரணமாகச் சொல்லிச் சர்வீஸ் சென்டர் மறுக்க வாய்ப்புண்டு.

அடுத்த சிக்கல் நுட்பமானது. உங்கள் செட்டில் பிரான்ஸ் நாட்டு ஆர்க்கமிஸ் நிறுவனத்தின் ஒலிச் சீரமைப்பு இருக்கிறது. இப்படிப்பட்ட சீரமைப்புகள் காரோடு வந்த ஸ்பீக்கர்களின் குறைகளை ஈடுகட்டுவதற்காகச் செய்யப்படுபவை; ஸ்பீக்கரை மாற்றிய பிறகும் அதே ஈடு தொடர்வதால், சில சுருதிகள் தேவையில்லாமல் தூக்கலாகக் கேட்கலாம். அதோடு, பல கம்பெனி செட்டுகள் சத்தம் கூடக்கூடச் சிறிய ஸ்பீக்கர்களைக் காப்பாற்றுவதற்காகப் பாஸைக் குறைத்துவிடும். உங்களுடையது அப்படிச் செய்கிறதா என்பதை 500 ரூபாய் மல்ட்டிமீட்டரைக் கொண்டே அறியலாம். 50 ஹெர்ட்ஸ், 300 ஹெர்ட்ஸ் என இரண்டு டெஸ்ட் டோன்களை ஃபோனில் இறக்கிக்கொண்டு, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் ஒயரில் அளவெடுங்கள். சத்தம் குறைவாக இருக்கும்போதும், முக்கால்வாசிக்கு ஏற்றியபோதும் இரண்டு டோன்களின் வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றியபோது 300 ஹெர்ட்ஸ் தாராளமாக உயர்ந்து, 50 ஹெர்ட்ஸ் ஒரு கட்டத்துக்கு மேல் உயராமல் நின்றுவிட்டால் செட் பாஸை அமுக்குகிறது என்று பொருள். அந்நிலையில் சாதாரணக் கன்வெர்ட்டர் போதாது. பாஸை மீட்டுக் கொடுக்கும் வசதி உள்ள கன்வெர்ட்டரோ, டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டல் முறையில் திருத்தும் சில்லு) உள்ளடங்கிய ஆம்ப்போ தேவைப்படும்.

இரண்டில் டி.எஸ்.பி. ஆம்ப்பையே நான் பரிந்துரைப்பேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து வலப்பக்க ஸ்பீக்கர் 1 மீட்டர் தூரத்திலும் இடப்பக்கம் 1.4 மீட்டரிலும் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒலி ஒரு மில்லி விநாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் செல்வதால், இடப்பக்க ஒலி 1.2 மில்லி விநாடி பிந்தி வருகிறது. இவ்வளவு சிறிய பிந்தலே பாடகரை வலக் கதவோடு ஒட்டவைத்துவிடும். வலப்பக்கத்தை அதே அளவு தாமதப்படுத்தினால் குரல் சட்டென்று நடுவுக்கு வருவதை முதன்முறை கேட்பவர்கள் பாட்டை நிறுத்தி மீண்டும் போடச் சொல்வார்கள்.

ஆம்ப்புக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வர வேண்டும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்கு அன்று, ஒயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு. சேனலுக்கு 50 வாட் தரும் நான்கு சேனல் ஆம்ப்புக்கு 8 கேஜ் சுத்தச் செம்பு ஒயர் போதும். செம்பு பூசிய அலுமினிய ஒயரைத் தவிர்த்துவிடுங்கள். எர்த் ஒயரைக் குட்டையாக வைத்து, பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் தகட்டில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடவே ஏறும் ‘ஙொய்’ என்ற ஓசை கேட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எர்த் பாயின்ட்டைத்தான்.

பாஸுக்கு டிக்கியை அடைக்காமல், இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 அங்குல ஆக்டிவ் சப் ஊஃபர் (தன் ஆம்ப்பைத் தன்னுள்ளேயே கொண்ட பாஸ் ஸ்பீக்கர்) போதும். அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் விட்டு, கதவு ஸ்பீக்கர்களில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டால், கதவுகள் இன்னும் நிம்மதியாகப் பாடும். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் தெரிந்தால் அது ஏர்பேக்கைச் சேர்ந்தது. அதைத் தொடவே கூடாது. ட்வீட்டர் ஒயரை முன் கண்ணாடியின் ஓரத் தூணுக்குள் இழுக்கும்போதும், அங்கே மடித்து வைத்திருக்கும் கர்ட்டன் ஏர்பேக்குக்கு முன்னால் ஒயர் குறுக்கிடாதபடி அதற்குப் பின்னாலேயே கொண்டுசெல்ல வேண்டும்.

ஆம்ப்பின் கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற திருகை, காதால் மட்டும் நம்பி வைக்காதீர்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, செட்டின் சத்தத்தை முக்கால்வாசியில் நிறுத்தி, 300 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்ப்பின் அவுட்புட்டில் மீட்டரை வையுங்கள். 4 ஓமில் 50 வாட் என்றால் 14.1 வோல்ட், மீட்டர் அந்த எண்ணைத் தொட்டதும் கெயினை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் திருகினால் கூடுவது சிதைவு மட்டுமே; பெரும்பாலான ட்வீட்டர்கள் எரிவதும் அதனால்தான்.

40,000 ரூபாயில் டேம்பிங்குக்கு 5,000, ஸ்பீக்கருக்கு 10,000, டி.எஸ்.பி. ஆம்ப்புக்கும் ஒயரிங்குக்கும் 20,000 என்று வைத்துக்கொண்டு, மீதியைக் கூலிக்கு விடுங்கள். சப் ஊஃபர் அடுத்த ஆண்டு வரட்டும். இன்னொன்று, இந்த வழி போஸ் போன்ற தனி ஆம்ப்புடன் வரும் கிரெட்டா வகைக் கார்களுக்கு அப்படியே பொருந்தாது; அவற்றில் ஸ்பீக்கரின் ஓம் அளவே வேறாக இருக்கக்கூடும்.

வேலை முடிந்து காரை எடுக்கும் முன் ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான்கள், நான்கு கதவுக் கண்ணாடிகள், மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணைகிறதா என்பது எல்லாவற்றையும் கடையிலேயே நின்று பாருங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களையும் அவற்றின் திருகுகளையும் ஒரு பையில் போட்டு வீட்டில் பத்திரமாக வையுங்கள். காரை விற்கும் நாளில் அவற்றை மாட்டிவிட்டு, வாங்கியவற்றை அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம்.