புதன்கிழமை யார் போகிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. மூளை முடக்குவாதம் என்று தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தார் புதன்கிழமைதோறும் பக்கத்து ஊர் அங்கன்வாடிக்கு வந்து இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் தக்காளி பறிக்கப் போய்விடுவதால், ஏழாவது படிக்கும் என் மகள்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறாள். எட்டு மாதம் ஆகியும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட மாட்டேன் என்கிறான். வாரத்துக்கு முக்கால் மணி நேரப் பயிற்சியால் என்ன ஆகிவிடும்? நிறுத்திவிட்டு, கடன் வாங்கி பெங்களூருவில் காட்டலாமா? கணவர் ஓசூரில் கம்பெனி வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார்.
- பெயர் வேண்டாம், பாலக்கோடு வட்டம்

பதில்: பெங்களூருவைப் பற்றி அப்புறம் பேசலாம். புதன்கிழமை பள்ளிக்கூடம் உண்டே, உங்கள் மகள் எப்படிப் போகிறாள்? கடிதம் முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டு மாதமாக வாரம் ஒரு நாள் அவள் பாடம் போயிருக்கிறது, உங்களுக்கு அது எழுதவே தோன்றவில்லை.

உங்கள் கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. இந்த அங்கன்வாடிப் பயிற்சிகளை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த முக்கால் மணி நேரம் பிள்ளைக்கு மட்டும் உரியதல்ல, அவனை வைத்திருப்பவருக்கும் உரியது. காலை எப்படி நீட்டிவிடுவது, எப்படிச் சாய்த்து உட்காரவைப்பது, சாப்பாடு ஊட்டும்போது தலை எந்த நிலையில் இருக்க வேண்டும், இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் கூட வந்தவருக்குக் காட்டிக்கொடுப்பார். மீதி ஆறு நாளும் வீட்டில் அதைச் செய்தால்தான் பலன். உங்கள் வீட்டில் அதைக் கற்றுக்கொண்டது யார்? பன்னிரண்டு வயதுப் பெண். அவள் பள்ளி விட்டு வந்து, தண்ணீர் பிடித்து, வீட்டுப்பாடம் எழுதி, அதற்கப்புறம் தம்பிக்குக் காலை நீட்டிவிட வேண்டுமா? பயிற்சியால் பலனில்லை என்கிறீர்களே, அந்தப் பயிற்சி உங்கள் கைக்கு இன்னும் வரவே இல்லை.

அவன் வளர வளர எடையும் கூடும். அவனை இடுப்பில் வைத்து நடக்கும் வயதா அவளுக்கு? தம்பி மேல் பாசம் இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அவள் அவனுக்கு அக்கா. அவனைப் பார்த்துக்கொள்வது பெற்றவர்கள் கடமை, அதை மகள் தோளில் ஏற்றக் கூடாது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பெண் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட ஆரம்பித்தால் அடுத்து எந்தப் பேச்சு வீட்டுக்கு வரும் என்று உங்களுக்கும் தெரியும். பதினெட்டு ஆவதற்குள் கல்யாணம் முடிந்துபோன பெண்கள் எனக்கு எழுதும் கடிதங்களில், "அப்பவே படிப்பு சரியா வரலைம்மா" என்ற வரி அடிக்கடி வருகிறது. வராமல் போனதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கும்.

ஒரு நாள் கூலி போகும், அது சின்ன விஷயமில்லை. அதனால்தான் உங்கள் கணவரையும் கேட்கிறேன். கம்பெனியில் வார விடுமுறை உண்டு. மாதத்தில் ஒரு புதன்கிழமையாவது மாற்றிக் கேட்டு வாங்கி, மகனைத் தூக்கிக்கொண்டு அவர் அங்கன்வாடிக்குப் போகட்டும். அப்பா வந்து தரையில் உட்கார்ந்து பயிற்சி கற்றுக்கொண்டால் யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள், பேசினால் பேசட்டும்.

கடன் வேண்டாம். பெங்களூருவிலும் இதே பயிற்சியைச் சொல்லி, வீட்டில் செய்யுங்கள் என்றுதான் அனுப்புவார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் இருக்கிறது, வளர்ச்சிக் குறைபாடு உள்ள சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடம், அங்கே காட்டுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்திருக்கிறீர்களா என்றும் எழுதவில்லை. இல்லையென்றால் கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பாதிப்பின் அளவைப் பொறுத்து மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கிடைக்கும், போன கூலியில் கொஞ்சம் அதில் திரும்பி வரும். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நிராமயா என்ற மத்திய அரசு காப்பீடும் உண்டு. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவும் அதில் சேரும். ஆறு வயதானால் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 18 வயது வரை இலவசக் கல்வி அவன் உரிமை. பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வரும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இப்போதே பெயரைச் சொல்லிவையுங்கள்.

வரும் புதன்கிழமை நீங்களே போங்கள். பிசியோதெரபிஸ்ட் காட்டுவதை அவர் முன்னாலேயே உங்கள் கையால் செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். செல்போனில் படம் பிடித்து ஓசூருக்கு அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன்னால், செவ்வாய்க்கிழமையே மகளின் வகுப்பாசிரியரைப் பார்த்து, எட்டு மாதப் புதன்கிழமைகளில் எந்தெந்தப் பாடம் விட்டுப்போனது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.