அமெரிக்காவோட 13 காலனியும் சுதந்திரம் வாங்கினதும் உடனே ஒரே அரசாங்கம் வந்துடுச்சா?

இல்லங்க, நடுவுல ஒரு பெரிய சொதப்பல் இருக்கு, ஸ்கூல் புக்ல அதை ரெண்டு வரில தாண்டிடுவாங்க.

1776 ஜூலை 4 அறிவிப்பு, 1781ல யார்க்டவுன்ல பிரிட்டிஷ் படை சரண்டர், 1783ல பாரிஸ் ஒப்பந்தம், இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்போ இருந்த மத்திய காங்கிரஸுக்கு (மாநிலங்களா மாறின அந்த 13 காலனிக்கும் பொதுவான சபை) வரி போடவே அதிகாரம் கிடையாது, மாநிலங்கள்கிட்ட பணம் குடுங்கன்னு கேக்கலாம், அவங்க தரலன்னா சும்மா பாத்துட்டு இருக்க வேண்டியதுதான். இறக்குமதிக்கு வெறும் 5 சதவீதம் வரி போடலாம்னு கேட்டாங்க, விதியை மாத்த 13 மாநிலமும் சம்மதிக்கணும், இத்தனூண்டு ரோட் ஐலண்ட் முடியாதுன்னுடுச்சு, மேட்டர் க்ளோஸ். போர்ல சண்டை போட்டவங்களுக்கே சம்பள பாக்கி. 1786ல மாசசூசெட்ஸ்ல கடன்ல மூழ்கின விவசாயிங்க கோர்ட்டை நடக்க விடாம மறிச்சாங்க, அப்பதான் மேல இருக்கிறவங்களுக்கு பயமே வந்துச்சு.

1787 கோடைல பிலடெல்பியால 55 பேர் ரகசியமா கூடி, அந்த பழைய விதிகளை ரிப்பேர் பண்றோம்னு சொல்லிட்டு புதுசாவே ஒரு அரசியலமைப்பு எழுதிட்டாங்க (ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பல). யாருக்கு எத்தனை சீட்டுன்னு சின்ன மாநிலம் பெரிய மாநிலம் சண்டைக்கு ரெண்டு அவைன்னு தீர்வு, ஒண்ணுல மக்கள்தொகைப்படி சீட்டு, இன்னொண்ணுல எல்லாருக்கும் சமம். அந்த மக்கள்தொகை கணக்குல அடிமைகளை ஆளுக்கு ஐந்துல மூணு பங்குன்னு சேர்த்ததும் அங்கதான், அது அசிங்கமான பேரம்.

இந்த தடவை உஷாரா, 9 மாநிலம் ஓகே சொன்னா போதும்னு வெச்சாங்க. 1789 ஏப்ரல்ல வாஷிங்டன் முதல் ஜனாதிபதியா பதவி ஏத்தப்போ கூட ரோட் ஐலண்ட் உள்ள வரல, 1790லதான் 34க்கு 32 ஓட்டுல வந்துச்சு.