ரோமானியர் காலத்துப் பற்களும் எலும்புகளும்: கேள்வி பதில்

கே: பிறந்த இடம் தேட பல்லையே ஏன் கேட்கிறீர்கள்? தொடை எலும்பு போதாதா?

ப: போதாது. ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் வகைகள் கலந்திருக்கும் விகிதம் பாறைக்குப் பாறை மாறும். அது உணவு, நீர் வழியே உடலில் சேர்ந்து, வளர்ந்த இடத்தைக் காட்டும். ஆனால் புதைந்த எலும்பு மண்ணிலுள்ள ஸ்ட்ரான்சியத்தை உறிஞ்சிவிடும். பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் சிறுவயதில் இறுகியதோடு சரி, பிறகு மாறாது. முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் ஏறக்குறைய 3 வயதுக்குள் முடிந்துவிடும். ஞானப்பல்லுடையது 8 வயதையொட்டித்தான் தொடங்கும்.

கே: செய்முறை?

ப: முதலில் பல்லைப் படம் எடுத்து, அளந்து, அச்சு வார்த்து வையுங்கள். அறுத்த பல் திரும்ப வராது. மேற்பரப்பை 0.1 மில்லிமீட்டருக்கு மேல் சுரண்டி எடுங்கள். எனாமலுக்கு உள்ளிருக்கும் பல் திசுவான டென்டினை ஒரு துணுக்குகூட விடாமல் நீக்குங்கள். அது மண்ணின் கணக்கைத்தான் காட்டும். 20 முதல் 50 மில்லிகிராம் எனாமலை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ரெசின் என்ற பிசின் மணிகளில் ஸ்ட்ரான்சியத்தைப் பிரித்து, அணுக்களை நிறைவாரியாக அளக்கும் நிறைமாலைமானியில் ஸ்ட்ரான்சியம்-87-க்கும் ஸ்ட்ரான்சியம்-86-க்கும் உள்ள விகிதத்தை அளக்க வேண்டும்.

கே: எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாமா?

ப: முடியாது. கடல்நீரில் இந்த விகிதம் 0.7092. அதையொட்டிய மதிப்பு எத்தனையோ கடற்கரைகளுக்குப் பொருந்தும். ‘இந்த ஊர் இல்லை’ என்பதைத்தான் உறுதியாகச் சொல்லலாம்.

கே: ரோம் துறைமுகத்தையொட்டிய இசோலா சாக்ரா கல்லறையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வெளியூர் என்று 2007 ஆய்வு சொன்னதே?

ப: அது குடித்த நீரிலிருந்து பல்லில் சேரும் ஆக்சிஜன் வகைகளின் விகிதத்தை வைத்துப் போட்ட கணக்கு. உள்ளூர் அளவுகோலாக இன்றைய ரோமானியக் குழந்தைகளின் பால்பற்களை எடுத்தார்கள். அன்றைய ரோமிலோ தொலைவிலிருந்து கால்வாய்களில் வந்த தண்ணீர். அக்வா மார்சியா என்ற கால்வாய் மட்டும் ஏறக்குறைய 91 கிலோமீட்டர் நீளம், அனியோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளிலிருந்து வந்தது. ரோமின் எரிமலை மண்ணில் பிறந்து வளர்ந்தவரின் பல்லிலும் அந்தச் சுண்ணாம்புப் பாறையின் ஸ்ட்ரான்சியம் கலந்திருக்கும். கொதிக்கவைத்த நீர் ஆக்சிஜன் மதிப்பை ஏற்றும். தாய்ப்பாலும் ஏற்றும், முதல் கடைவாய்ப்பல்லில் அது தெரியும். ஆக, உள்ளூர்க்காரரே வெளியூர்க்காரராகத் தோன்றலாம்.

கே: அப்படியானால் எல்லாமே ஊகம்தானே?

ப: இல்லவே இல்லை. ரோமின் காசல் பெர்தோனே, காஸ்தெல்லாச்சோ யூரோபார்க்கோ கல்லறைகளில் 105 பேருக்கு ஸ்ட்ரான்சியமும் அவர்களில் 55 பேருக்கு ஆக்சிஜனும் பார்த்து, 2016-இல் வெளியிட்டார்கள். வெளியூர் என்று தேறியவர்கள் 8 பேர் வரை. தண்ணீரைக் கணக்கில் சேர்த்ததால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

கே: டிஎன்ஏ பிறந்த ஊரைச் சொல்லுமே?

ப: முன்னோர் வழியைச் சொல்லும், தொட்டில் இருந்த இடத்தை அல்ல. சிரிய வணிகர் குடும்பத்துக்கு இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்த குழந்தைக்கு மரபணு சிரியா, எனாமல் யார்க்.

கே: சரி, ஊர் பெயராவது தோராயமாக...?

ப: மேலே சொல்லியாயிற்று. முடியாது.

கே: கரூரில் கிடைத்த ரோமானியக் காசுகள் பற்றி?

ப: நாணயவியலாளரிடம் கேளுங்கள்.

கே: எரித்த எலும்பு வீண்தானே?

ப: வெள்ளையாக வெந்தது வீணல்ல. அந்தச் சூட்டில் படிகம் இறுகுவதால் மண்ணின் ஸ்ட்ரான்சியம் எளிதில் நுழையாது. கருகியதை எடுக்காதீர்கள். ஆக்சிஜனைத் தேடவும் வேண்டாம், தீயில் அது மாறியிருக்கும். காதுப்புற எலும்பின் கெட்டியான உட்பகுதி கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். அது குழந்தைப் பருவத்திலேயே இறுகி, பிறகு மாறாதது. இங்கும் முதலில் படம்.